வெப் சர்வீஸ் என்பது என்ன? மாடிக் கயிற்றிலிருந்து ஒரு விளக்கம்

யாங்கோனில் நம்மவர் கடைகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் பேச்சு வராமல் போகாது. வெப்சைட், ஆப், சர்வர், ஏபிஐ, வெப் சர்வீஸ் என்று ஐந்து சொற்கள் அந்தப் பேச்சில் அடிபடும். ஐந்தையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகவே பலர் சொல்கிறார்கள். "தம்பி, நம்ம கடைக்கு ஒரு ஏபிஐ போட்டுக் கொடுப்பா" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். விசாரித்தால் அவருக்கு வேண்டியது விலைப்பட்டியல் போட ஒரு முகநூல் பக்கமாக இருக்கும். இன்னொரு பக்கம், கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை ஒரு புரோகிராமிங் புத்தகத்தைப் பார்த்து வெப் சர்வீஸ் ஒன்றை எழுதி ஓடவும் விட்டுவிடும். ஆனால் என்ன எழுதினாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பர்மாவில் இணையம் பரவிய விதம் அப்படி. 2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்து சிம் கார்டு 1500 கியாட்டுக்குக் கிடைத்தபோதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு இணையம் வந்தது. அதுவும் கம்ப்யூட்டரில் வரவில்லை, கைப்பேசியில் வந்தது. கைப்பேசிக்குள்ளும் முகநூலாகவே வந்தது. திரைக்குப் பின்னால் எது எதோடு பேசுகிறது என்று பார்க்கிற வாய்ப்பே யாருக்கும் அமையவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது. செய்து பார்த்துக் கற்கும் புத்தகம் ஒன்றை வைத்து வெப் சர்வீஸ் கட்டப் பழகுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் முக்கால்வாசியைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

மாடியும் கடையும்

நகரின் நடுப்பகுதியில் அனோரதா சாலைப் பக்கம், ஸ்ரீ காளி கோவிலைச் சுற்றியுள்ள குறுக்குத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்தக் கயிறுகள் தெரியும். லிஃப்ட் இல்லாத ஐந்தாறு மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப்போ பையோ, மேலே ஒரு மணி. செய்தித்தாள்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரம்மா பேப்பரை இழுத்துக்கொள்வார்.

அதே கயிற்றில் கடைச்சாமானும் வாங்கலாம். மேலே இருப்பவர் ஒரு சீட்டில் "உளுந்து 2 வீசை" என்று எழுதி, பணத்தோடு பையில் போட்டு இறக்குகிறார். கடைக்காரர் சீட்டைப் படித்து, நிறுத்து, பையில் போட்டுக் கயிற்றை இழுக்கிறார். பை மேலே போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மாடியில் இருப்பவர் கடைக்குள் வருவதில்லை. உள்ளே யார் நிறுத்தார்கள், எந்த மூட்டையிலிருந்து எடுத்தார்கள் என்பது அவருக்குத் தேவையும் இல்லை. கடைக்காரரும் மாடிக்குப் போவதில்லை. இருவரையும் இணைப்பது சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டை எப்படி எழுத வேண்டும், பதிலாக என்ன வரும் என்பதில் இருவருக்கும் ஒரே புரிதல் இருந்தால் வியாபாரம் நடக்கும்.

சீட்டு அனுப்புகிற புரோகிராமை கிளையன்ட் என்கிறோம். சீட்டுக்காகக் காத்திருந்து பதில் அனுப்புகிற புரோகிராம் சர்வர். சர்வர் என்றதும் குளிர்சாதன அறையில் இருக்கும் பெரிய இயந்திரம்தான் பலர் கண்முன் வருகிறது. இயந்திரத்தையும் அப்படிச் சொல்வது உண்டுதான், ஆனால் இங்கே நாம் பேசுவது புரோகிராமைப் பற்றி. உங்கள் மடிக்கணினியில் ஓடும் இருபது வரி புரோகிராமும் சீட்டு வாங்கிப் பதில் அனுப்பினால் அது சர்வரே. அனுப்பும் சீட்டுக்கு ரிக்வெஸ்ட் என்றும், திரும்பி வருவதற்கு ரெஸ்பான்ஸ் என்றும் பெயர். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், என்ன கிடைக்கும் என்ற உடன்பாடு இருக்கிறதே, அதுதான் ஏபிஐ.

வெப்சைட் ஏன் வேறு?

வெப்சைட்டும் இதே கயிற்றில்தான் வருகிறது. நீங்கள் பிரவுசரில் முகவரி தட்டினால் பிரவுசர் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புகிறது, சர்வர் பதில் அனுப்புகிறது. வேறுபாடு பையில் வரும் பொருளில் இருக்கிறது. வெப்சைட் அனுப்புவது மனிதர் கண்ணுக்காக அலங்கரித்த பக்கம்: எழுத்துரு, நிறம், படம், பொத்தான் எல்லாம் சேர்ந்தது. வெப் சர்வீஸ் அனுப்புவது இன்னொரு புரோகிராம் எடுத்துப் பயன்படுத்துவதற்கான வெறும் தகவல்.

பயின்நௌங் மொத்தச் சந்தையின் அன்றைய உளுந்து விலையைத் தரும் ஒரு சர்வீஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரு கைப்பேசி ஆப் கேட்டு வாங்கித் திரையில் காட்டலாம். மண்டலேயில் உள்ள வியாபாரியின் கணக்குப் புரோகிராம் கேட்டு வாங்கி நேராகப் பேரேட்டில் ஏற்றலாம். இந்தியாவுக்கு உளுந்து ஏற்றுமதி செய்கிறவர் தன் விலைக் கணிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். மூவருக்கும் போவது ஒரே தகவல், அதை எப்படிக் காட்டுவது என்பது அவரவர் பாடு. கைப்பேசியில் பணம் அனுப்பும் ஆப்களும் இப்படித்தான். திரையில் தெரிவது ஆப். பணத்தை ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் ஏற்றும் வேலை, அந்த ஆப் அனுப்பும் ரிக்வெஸ்டை வாங்கிக்கொண்டு வேறெங்கோ இருக்கும் சர்வீஸில் நடக்கிறது.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: கிளையன்ட் கேட்கும், சர்வர் பதில் தரும். கேட்கும் முறை பற்றிய உடன்பாடு ஏபிஐ. பதில் மனிதருக்கான பக்கமாக இருந்தால் வெப்சைட், புரோகிராமுக்கான தகவலாக இருந்தால் வெப் சர்வீஸ்.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

இனி உண்மையான சீட்டைப் பார்ப்போம். அதை எழுதும் விதிகளுக்கு எச்டிடிபி என்று பெயர். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கியது. 1991இல் அதன் முதல் வடிவத்தில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது: "இந்தப் பக்கத்தைக் கொடு." பிறகு வளர்ந்து 1997இல் 1.1 என்ற பதிப்பு வந்தது. அதன் பின்னும் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன, அனுப்பும் வேகமும் கட்டிக் கொடுக்கும் விதமும் மாறியிருக்கின்றன. சீட்டின் பொருள் மட்டும் மாறவில்லை. கற்கிறவருக்கு 1.1 போதும். காரணம், அது வெறும் எழுத்து, கண்ணால் படிக்க முடியும்.

சீட்டின் முதல் வரியில் மூன்று துண்டுகள் இருக்கும். முதலில் மெத்தட், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற வினைச்சொல். அடுத்தது எந்தப் பொருளின் மேல் என்று சொல்லும் பாதை. கடைசியில் எச்டிடிபியின் பதிப்பு எண். நம் உளுந்து விலை சர்வீஸுக்கு அந்த வரி இப்படி இருக்கும்: கெட் /விலை/உளுந்து எச்டிடிபி/1.1. கம்பியில் போகும்போது அதில் உள்ள தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியும் எண்களுமாக மாற்றி எழுதப்படும், மெத்தட் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். அமைப்பு இதுதான்.

முதல் வரிக்குக் கீழே சில குறிப்பு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு. இவற்றுக்கு ஹெடர் என்று பெயர். எந்த முகவரிக்குப் போகிறது, உள்ளே எந்த வகைத் தகவல் இருக்கிறது, எத்தனை நீளம் என்பதெல்லாம் இங்கே வரும். பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குக் கீழேதான் சரக்கு. சரக்கு இல்லாத சீட்டும் உண்டு. விலை கேட்க எதையும் அனுப்ப வேண்டியதில்லை அல்லவா?

மெத்தட் பல இருந்தாலும் புத்தகங்களில் அடிக்கடி வருபவை நான்கு. கெட் என்பது "காட்டு". போஸ்ட் என்பது "இதைப் புதிதாக ஏற்றுக்கொள்". புட் என்பது "இந்த இடத்தில் உள்ளதை எடுத்துவிட்டு இதை வை". டெலீட் என்பது "நீக்கு". இவற்றில் போஸ்டுக்கும் புட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் பலர், காரணம் சொல்பவர்கள் குறைவு. அந்தக் காரணம்தான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி, கடைசியில் வருகிறது.

பதிலில் வரும் எண்

ரெஸ்பான்ஸின் முதல் வரியில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். அதற்கு ஸ்டேட்டஸ் கோட் என்று பெயர். 404ஐ எல்லோரும் பார்த்திருக்கிறோம். முழுப் பட்டியலையும் நெட்டுருப் போட வேண்டாம், முதல் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 2இல் தொடங்கினால் காரியம் நடந்தது. 3 என்றால் வேறு இடத்தில் பார். 4 என்றால் கேட்டவர் பக்கம் பிழை: சீட்டு புரியவில்லை என்றால் 400, அப்படியொரு பொருளே இல்லை என்றால் 404. 5 என்றால் கடைக்காரர் பக்கம் பிழை: சீட்டு சரிதான், தராசு உடைந்துவிட்டது.

4க்கும் 5க்கும் உள்ள இந்த வேறுபாட்டை மதியாத சர்வீஸ்கள் ஏராளம். எது நடந்தாலும் 200 அனுப்பிவிட்டு, உள்ளே "பிழை" என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். நான் இதைக் கடுமையாகவே எதிர்க்கிறேன். கேட்ட புரோகிராம் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது. 4 என்றால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை, பெரும்பாலும் சீட்டைத் திருத்த வேண்டும். 5 என்றால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம். எண் பொய் சொன்னால் அந்த முடிவு முழுக்கத் தவறிப் போகும்.

பைக்குள் வரும் சரக்கு

தகவலை எழுத இன்று பெரும்பாலும் பயன்படுவது ஜேசான் என்ற முறை. டக்ளஸ் கிராக்ஃபர்ட் 2000களின் தொடக்கத்தில் அதை வரையறுத்துப் பரப்பினார். அதற்கு முன் எக்ஸ்எம்எல் என்ற, நீளமாக எழுத வேண்டிய முறை கோலோச்சியது. பழைய புத்தகங்களில் வெப் சர்வீஸ் என்றால் அதைத்தான் காட்டுவார்கள்.

ஜேசானில் நம் சர்வீஸின் பதில் இப்படி இருக்கும்:

{"பொருள்": "உளுந்து", "விலை": 5000, "நாணயம்": "கியாட்", "அலகு": "வீசை"}

விலை உதாரணத்துக்குப் போட்டது. மற்றபடி, மேலே உள்ளதை அப்படியே ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால் அது வாங்கிக்கொள்ளும். பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஜேசானில் விதி இல்லை. "அலகு" என்று ஏன் தனியே எழுதினேன் என்றால், பர்மா வீசை சுமார் 1.63 கிலோ. சென்னையில் இருந்து இந்த விலையைப் படிக்கும் புரோகிராம் கிலோ என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். சீட்டில் எழுதாததை எதிர்ப்பக்கம் ஊகித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புரோகிராமிங் புத்தகங்கள் அநேகமாகச் சொல்லாமல் விடுகிற ஓர் இடம் இங்கே இருக்கிறது. தமிழில் சர்வீஸ் எழுதுகிறவர் கட்டாயம் அங்கே இடறுவார். ஹெடர்களில் ஒன்று, சரக்கின் நீளத்தைச் சொல்வது: கன்டென்ட்-லெங்த். "உளுந்து" என்ற சொல்லின் நீளம் என்ன? நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: உ, ளு, ந், து. கம்ப்யூட்டர், எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு ஒதுக்கும் யூனிகோட் முறையில் அதை ஏழு குறியீடுகளாக வைத்திருக்கிறது: உ, ள, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியிடம் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும். ஆனால் கயிற்றில் போவது குறியீடு அல்ல, பைட். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண். யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும். ஆக, உண்மையான நீளம் 21.

ஹெடரில் 7 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கிளையன்ட் ஏழு பைட்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். முதல் மூன்றில் உ, அடுத்த மூன்றில் ள, ஏழாவது பைட்டில் உகரக் குறியின் மூன்றில் ஒரு பங்கு. திரையில் "உள" என்று வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். புத்தகத்து உதாரணத்தில் எல்லாம் ஆங்கில எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதனால் அங்கே பிழை தெரியவே தெரியாது. முறை இதுதான்: முதலில் சொற்களை யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றுங்கள், பிறகு பைட்டுகளை எண்ணுங்கள், அந்த எண்ணை ஹெடரில் போடுங்கள்.

பைத்தானில் இன்னொன்றும் நேரும். தகவலை ஜேசானாக மாற்றச் சொன்னால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பின்சாய்வுக் கோடும் நான்கு இலக்கக் குறியீடுமாக வந்து நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று பதறுகிறார்கள். கெடவில்லை, எதிர்ப்பக்கம் சரியாகவே படிக்கும். எழுத்தாகவே பார்க்க வேண்டுமென்றால் என்ஷூர்-ஆஸ்கி என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்தால் போதும்.

எழுத்துமுறையில் உடன்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பர்மாவை விடப் பெரிய பாடம் கிடைக்காது. பர்மிய எழுத்துக்கு யூனிகோட் ஒதுக்கிய அதே குறியீடுகளை ஜாஜி என்ற எழுத்துரு வேறு பொருளில் பயன்படுத்தியது. கைப்பேசிகளில் ஜாஜிதான் பரவியது. ஒருவர் ஜாஜியில் எழுதியது யூனிகோட் கைப்பேசியில் சிதறித் தெரிந்தது, மறுதலையாகவும் அப்படியே. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய தகவல்களில் ஜாஜி இன்னும் கிடக்கிறது. பைட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தாலும் பொருள் சேராமல் போகலாம் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் தனியே விளக்க வேண்டியதில்லை.

முகம் நினைவில் இல்லாத கடைக்காரர்

எச்டிடிபி சர்வருக்கு முந்தைய சீட்டு நினைவில் இருக்க வேண்டியதில்லை. "போன தடவை கேட்டதே இன்னொரு வீசை" என்று எழுத முடியாது. ஒவ்வொரு சீட்டிலும் எல்லாம் முழுதாக இருக்க வேண்டும்: யார் கேட்கிறார், எது வேண்டும், எவ்வளவு. இந்தப் பண்புக்கு ஸ்டேட்லெஸ் என்று பெயர். ராய் ஃபீல்டிங் 2000இல் கலிஃபோர்னியாவில் தன் முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற கட்டமைப்பை விவரித்தபோது இதை அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்தார். மின்சாரம் போய்ச் சர்வர் மறுபடி எழுந்தாலும், ஒன்றுக்குப் பதில் மூன்று சர்வர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், யாரிடம் போனாலும் அதே பதில் கிடைக்கும். நிலைத்து நிற்க வேண்டியதைச் சர்வர் தன் நினைவில் வைக்காமல் டேட்டாபேஸில், அதாவது தகவலை ஒழுங்காக அடுக்கி வட்டில் சேமிக்கும் புரோகிராமில், எழுதி வைக்கும்.

மீண்டும் திரட்டினால்: சீட்டில் ஒரு மெத்தட், ஒரு பாதை, சில ஹெடர், தேவைப்பட்டால் சரக்கு. பதிலில் ஒரு எண், சில ஹெடர், சரக்கு. சரக்கு பெரும்பாலும் ஜேசான், நீளம் பைட்டில். ஒவ்வொரு சீட்டும் தனித்து நிற்கும்.

புத்தகத்தைக் கையாளும் விதம்

செய்து பார்த்துக் கற்கும் புத்தகங்களில் பல, முதல் அத்தியாயத்திலேயே ஒரு ப்ரேம்வொர்க்கை நிறுவச் சொல்லும். ப்ரேம்வொர்க் என்பது சீட்டைப் பிரிப்பது, பாதையைப் பார்த்து வேலையைப் பகிர்வது போன்ற வழக்கமான வேலைகளை ஏற்கெனவே எழுதி வைத்த தொகுப்பு. பைத்தானில் ஃப்ளாஸ்க், ஜாவாஸ்கிரிப்டில் எக்ஸ்பிரஸ் என்று ஒவ்வொரு மொழிக்கும் உண்டு. ஐந்தே வரியில் சர்வீஸ் ஓடிவிடும். அதுதான் சிக்கலே. இதுவரை நாம் பார்த்த எதுவும் அந்த ஐந்து வரியில் கண்ணுக்குத் தெரியாது.

என் கருத்து, ப்ரேம்வொர்க்குக்கு முன்னால் ஒரே ஒரு சர்வீஸையாவது வெறுங்கையால் எழுத வேண்டும். அதற்கு எதையும் தரவிறக்க வேண்டாம். பைத்தானை நிறுவும்போதே எச்டிடிபி சர்வர் எழுதும் கருவி, கிளையன்ட் எழுதும் கருவி, எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், ஜேசான் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. நெட்டும் வேண்டாம்! 127.0.0.1 என்ற முகவரி "இதே கம்ப்யூட்டர்" என்று பொருள்படும். சர்வரும் கிளையன்ட்டும் ஒரே மடிக்கணினியில் இரண்டு ஜன்னல்களில் ஓடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். 8000 போன்ற ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது போர்ட், அதாவது ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் பல சர்வர்களில் எது என்று காட்டும் எண். டேட்டா தீர்ந்த நாளிலும், கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யாத நாளிலும், மடிக்கணினியில் சார்ஜ் இருக்கிற வரை பழகலாம். யாங்கோனில் இது சின்ன விஷயம் இல்லை.

அந்த வெறுங்கை சர்வரில் கெட் சீட்டு வந்தால் செய்ய வேண்டியதை ஒரு ஃபங்ஷனிலும் (பெயரிட்டு வைத்த சிறு புரோகிராம் துண்டு), போஸ்ட் வந்தால் செய்ய வேண்டியதை இன்னொன்றிலும் நீங்களே எழுதுவீர்கள். எண்ணை நீங்கள் அனுப்புவீர்கள், ஹெடரை நீங்கள் எழுதுவீர்கள், வெற்று வரி எங்கே விழுகிறது என்று பார்ப்பீர்கள். கர்ல் என்ற சிறு கருவியைக் கிளையன்ட்டாக வைத்து, விவரமாகக் காட்டச் சொன்னால் போன சீட்டும் வந்த பதிலும் வரிவரியாகத் திரையில் விழும். பிறகு ப்ரேம்வொர்க்குக்குப் போனால் அது எதை உங்களுக்காகச் செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

புத்தகத்தில் உள்ளதை நகலெடுத்து ஒட்டாமல் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு உதாரணமும் ஓடியதும் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துப் பாருங்கள்: ஜேசானில் ஒரு மேற்கோள் குறியை நீக்குங்கள், இல்லாத பாதையைக் கேளுங்கள், நீளத்தைக் குறைத்து எழுதுங்கள். சர்வர் 400 தருகிறதா, 500 தருகிறதா, விழுந்தே விடுகிறதா? புத்தகம் பழையதென்றால் ப்ரேம்வொர்க் பகுதி ஓடாமல் போகலாம். அதனால் புத்தகத்தில் சொல்லியிருக்கும் பதிப்பு எண்ணையே நிறுவிக்கொள்ளுங்கள். எச்டிடிபி பற்றிய அத்தியாயம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

பழகும் சர்வரை 127.0.0.1இலேயே வைத்திருங்கள். வெளியே யாரும் அணுகும்படி திறப்பது, கடவுச்சொல்லும் மறைக்குறியீடும் பற்றிய அத்தியாயங்கள் முடிந்த பிறகுதான்.

பதில் வராமல் போனால்

இப்போது போஸ்டுக்கும் புட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். சீட்டை இறக்கினீர்கள். நேரம் போகிறது, மணி அடிக்கவில்லை. என்ன நடந்திருக்கும்? சீட்டு கடைக்கே போய்ச் சேராமல் விழுந்திருக்கலாம். சேர்ந்தும் கடைக்காரர் இன்னும் நிறுத்துக்கொண்டிருக்கலாம். அவர் எல்லாம் செய்து பையில் போட்டு, வரும் வழியில் கயிறு அறுந்திருக்கலாம். மாடியில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவருக்குத் தெரிவதெல்லாம் பை வரவில்லை என்பது மட்டுமே.

மறுபடி சீட்டு அனுப்பலாமா? அது சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "உளுந்து விலை என்ன?" என்றால் எத்தனை முறை கேட்டாலும் பாதகமில்லை. "இரண்டு வீசை அனுப்பு" என்றால் நான்கு வீசை வந்து, இரண்டு மடங்கு பணம் போகும். "என் கணக்கில் இந்த வாரத் தேவை இரண்டு வீசை என்று எழுதிவை" என்றால் எத்தனை முறை அனுப்பினாலும் கணக்கில் இரண்டு வீசைதான் இருக்கும்.

ஒரு முறை செய்தாலும் பல முறை செய்தாலும் முடிவு ஒன்றே என்றால் அந்தச் செயலை ஐடெம்பொடென்ட் என்கிறார்கள். கெட், புட், டெலீட் மூன்றும் அப்படி இருக்க வேண்டும் என்பது எச்டிடிபியின் விதி. போஸ்டுக்கு அந்த உறுதி இல்லை. இவ்வளவுதான் காரணம். புட் என்பது "திருத்து", போஸ்ட் என்பது "சேர்" என்று மேலோட்டமாகச் சொல்லிக்கொடுப்பதில் இந்த உயிர்நாடி விட்டுப்போகிறது. பதில் வராதபோது துணிந்து மறுபடி அனுப்பலாமா கூடாதா என்பதைக் கிளையன்ட் மெத்தடைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது.

நெட் ஒரு நிமிடம் வந்து ஒரு நிமிடம் போகும் ஊரில் இது ஏட்டுப் பாடம் அல்ல. பணம் அனுப்பும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டால் எவ்வளவு படித்தவருக்கும் மறுபடி அழுத்தக் கை துறுதுறுக்கும். அந்தக் கையிலிருந்து காப்பது சர்வீஸ் எழுதியவரின் பொறுப்பு. மக்கள் இருமுறை அழுத்தக் கூடாது என்று திரையில் எச்சரிக்கை போடுவது தீர்வாகாது.

இதை உங்கள் மடிக்கணினியிலேயே நேரில் பார்த்துவிடலாம். போஸ்ட் வந்தால் ஆர்டரை எஸ்க்யூலைட் அட்டவணையில் ஒரு வரியாக எழுதி முடித்து, அதன் பிறகு பத்து நொடி தூங்கிவிட்டுப் பதில் அனுப்பும்படி சர்வரை எழுதுங்கள். கிளையன்ட்டில், மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால் கைவிட்டு, ஒரே ஒரு முறை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஓட விடுங்கள். கிளையன்ட் ஜன்னலில் "பதில் வரவில்லை" என்று இரண்டு முறை வரும். ஒரு நிமிடம் கழித்து அட்டவணையைத் திறந்து பாருங்கள். உளுந்து இரண்டு வீசை என்று ஒரு வரி, அதன் கீழே அதே போல இன்னொரு வரி.

திருத்தம் சிறியது. ஆர்டருக்கு எண் கொடுக்கும் வேலையைச் சர்வரிடமிருந்து எடுத்துக் கிளையன்ட்டிடம் கொடுங்கள். சீட்டு எழுதும்போதே கிளையன்ட் யாருக்கும் இரண்டாம் முறை வராத ஒரு நீண்ட எண்ணை உருவாக்குகிறது. பைத்தானில் அதற்கு யூயூஐடி என்ற கருவி கூடவே வருகிறது. அதை ஒரு ஹெடரில் எழுதி அனுப்புகிறது. மறுபடி அனுப்பும்போது புதிய எண் போடக் கூடாது, அதே எண்தான். சர்வர் பக்கம், அட்டவணையில் அந்த எண்ணுக்கான நெடுவரிசையை யூனிக் என்று குறித்துவிடுங்கள். அதே எண்ணோடு இரண்டாவது வரி எழுத வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பார்த்ததும் சர்வர் பிழை என்று கத்தக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஆர்டரை எடுத்து, முதல் முறை அனுப்பியிருக்க வேண்டிய அதே பதிலை அனுப்ப வேண்டும்.

"இந்த எண் இருக்கிறதா?" என்று முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சீட்டு வந்தால் இரண்டுமே தேடும், இரண்டுக்குமே "இல்லை" என்று வரும், இரண்டுமே எழுதிவிடும். எழுதப் போய் மறுக்கப்படுவதுதான் பத்திரமான வழி.

பழைய அட்டவணையை அழித்துவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். கிளையன்ட் முன்போலவே இரண்டு முறை அனுப்பும், இரண்டு முறை "பதில் வரவில்லை" என்று சொல்லும். அட்டவணையில் ஒரு வரிதான் இருக்கும். அடுத்து தூக்கத்தைப் பத்து நொடியிலிருந்து ஒரு நொடியாகக் குறைத்து, கிளையன்ட்டை அதே எண்ணோடு மூன்றாவது முறை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். இந்த முறை பதில் வந்துவிடும், அதில் முதல் ஆர்டரின் விவரம் இருக்கும். இது சரியாக ஓடியதும் புத்தகத்தின் ப்ரேம்வொர்க் அத்தியாயத்தைத் திறந்து, அங்கே கட்டச் சொல்லும் சர்வீஸிலும் இதே பத்து நொடித் தூக்கத்தைப் போட்டு அட்டவணையைப் பாருங்கள். இரண்டு வரி இருந்தால் எங்கே என்ன சேர்க்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.